95 சதவீதம் வெற்றி என்றால் எது எண்ணப்பட்டது? மூட்டு மாற்று ஆய்வுகளை வாசிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷனைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தால் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். ஆஸ்பத்திரியில், "95 சதவீதத்துக்கு மேல சக்சஸ்மா, கவலையே படாதீங்க." கல்யாண வீட்டுப் பந்தியில், "எங்க பெரியம்மா பண்ணிக்கிட்டு ரெண்டு வருஷமாச்சு, இன்னும் வலி போகலைங்கிறாங்க." பெரும்பாலும் இருவருமே பொய் சொல்லவில்லை. டாக்டர் எண்ணுவது, திரும்பக் கழற்றி மாற்ற வேண்டிய நிலைக்கு வராத மூட்டுகளை. பெரியம்மா எண்ணுவது தன் வலியை.

நான் பிசியோதெரபிஸ்ட். மூட்டு மாற்றிக்கொண்டவர்களை எழுப்பி நடக்க வைப்பது என் வேலை. இப்போதெல்லாம் நோயாளியோடு வரும் மகனோ மகளோ போனில் ஓர் ஆய்வுக் கட்டுரையைத் திறந்து காட்டுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் சுருக்கத்தின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு வருகிறார்கள். எழுதியவரின் ஆசை அதிகம் கலந்திருப்பது அந்த வரியில்தான். ஒரு சர்ஜனின் ஆய்வை மேலிருந்து கீழ் வரை எப்படிப் படிப்பது, எந்த இடத்தில் நின்று யோசிப்பது என்று படிப்படியாகச் சொல்கிறேன். புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "எதை எண்ணினார்கள்?" என்று விடாமல் கேட்கிற பிடிவாதம் இருந்தால் போதும்.

படி 1: உங்கள் வீட்டின் கேள்வியை முதலில் எழுதுங்கள்

ஆய்வைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த ஆபரேஷனில் நமக்கு என்ன வேண்டும்? ராத்திரி வலியில்லாமல் தூங்க வேண்டுமா? மாடிப்படி இறங்க வேண்டுமா? கோயில் பிரகாரத்தை ஒரு சுற்று சுற்றி வர வேண்டுமா? தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டுமா? வயது 56தான் ஆகிறது, இன்னும் முப்பது வருஷம் தாங்க வேண்டும் என்பதா?

இவை ஐந்தும் வெவ்வேறு கேள்விகள். ஒரே ஆய்வு ஐந்துக்கும் பதில் சொல்லாது. இதை எழுதி வைக்காமல் படித்தால், ஆய்வாளர் எதற்குப் பதில் சொல்லியிருக்கிறாரோ அதுவே நம் கேள்வி என்று நாமே ஏமாந்துவிடுவோம்.

படி 2: ஆய்வு எந்த ஜாதி என்று பாருங்கள்

மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் (PubMed) தளத்தில் யாரும் இலவசமாகத் தேடலாம். டாக்டர்கள் இந்த ஆபரேஷனை "டோட்டல் நீ ஆர்த்ரோபிளாஸ்டி" (Total Knee Arthroplasty) என்றே எழுதுவார்கள்; அந்தப் பெயரை ஆங்கிலத்தில் தட்டினால்தான் உருப்படியான கட்டுரைகள் வரும். கிடைப்பவற்றை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஒரு சர்ஜன் தன் நோயாளிகளையே தொடர்ந்து பார்த்து எழுதுவது. "எங்கள் மையத்தில் இத்தனை மூட்டுகள், இத்தனை வருடங்கள்" என்று தொடங்கும். இரண்டாவது, தேசியப் பதிவேடு. சுவீடன் 1975-லேயே முழங்கால் மூட்டு மாற்றுகளை நாடு முழுக்கப் பதிய ஆரம்பித்தது. ஆஸ்திரேலியா 1999-லும், இங்கிலாந்தும் வேல்ஸும் 2003-லும் தொடங்கின. மூன்றாவது, குலுக்கல் முறை ஆய்வு: யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை டாக்டரும் தீர்மானிக்காமல் நோயாளியும் தீர்மானிக்காமல் குலுக்கலுக்கு விட்டுவிடுவது.

சுவீடன் பதிவேட்டின் பலம் எங்கே இருக்கிறது என்றால், அங்கே ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. லுண்ட் நகரில் மூட்டு மாற்றிக்கொண்டவர் பத்து வருஷம் கழித்து ஸ்டாக்ஹோமில் போய் அதைக் கழற்றி வேறு போட்டுக்கொண்டாலும் (இதைத்தான் ரீவிஷன் என்பார்கள்) கணக்கில் வந்துவிடும். நம் ஊரில்? மதுரையில் ஆபரேஷன் செய்தவருக்கு மூட்டில் சீழ் பிடித்துச் சென்னைக்குப் போய் மாற்றிக்கொண்டால், மதுரை டாக்டரின் கணக்கில் அவர் "வெற்றி"யாகவே இருந்துவிடலாம். டாக்டர் மறைக்கவில்லை, அவருக்குத் தகவலே வராது. இந்தியாவிலும் இடுப்பு, முழங்கால் சர்ஜன்களின் சங்கம் 2006-லிருந்து ஒரு பதிவேடு நடத்துகிறது. ஆனால் அது விருப்பமுள்ள டாக்டர்கள் அனுப்பும் தகவலை வைத்து நடப்பது, கட்டாயமில்லை.

இதனால் உள்ளூர் சர்ஜனின் ஆய்வைத் தூக்கிப் போட வேண்டும் என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியப் பதிவேட்டில் சம்மணத்தைப் பற்றி ஒரு வரிகூடக் கிடைக்காது. அதற்கு நம் ஊர் ஆய்வுதான் வழி.

படி 3: யாருக்கு ஆபரேஷன் செய்தார்கள்?

கட்டுரையின் முதல் அட்டவணைக்குப் போங்கள். சராசரி வயது, ஆண் பெண் விகிதம், உடல் எடை, என்ன நோய் என்று இருக்கும். வயதால் வரும் தேய்மானமும் ருமட்டாய்டு வாதமும் (முடக்குவாதம்) ஒன்றல்ல. சர்க்கரை நோயாளிகளை விலக்கிவிட்டார்களா என்று கட்டாயம் பாருங்கள். சர்க்கரை இருந்தால் கிருமித் தொற்று ஆபத்து கூடும் என்பதால் சில ஆய்வுகள் அவர்களைச் சேர்ப்பதில்லை. நம் வீட்டில் இருப்பவருக்குச் சர்க்கரை என்றால் அந்த ஆய்வின் தொற்றுக் கணக்கு நமக்குப் பொருந்தாது.

எக்ஸ்ரே நிலையையும் பாருங்கள். 1957-ல் கெல்கிரென், லாரன்ஸ் என்ற இருவர் தேய்மானத்தை 0 முதல் 4 வரை தரம் பிரித்தார்கள். இன்றைக்கும் அதுதான் வழக்கம். எலும்போடு எலும்பு உரசும் 4-ஆம் நிலையில் மாற்றிக்கொண்டவர்களைவிட, எக்ஸ்ரேயில் லேசான தேய்மானம் மட்டும் இருந்து மாற்றிக்கொண்டவர்களிடையே அதிருப்தி அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. "கொஞ்சமா இருக்கும்போதே பண்ணிட்டா நல்லா வரும்" என்ற பேச்சுக்கு இது நேர் எதிர்.

இன்னொரு சின்ன விஷயம்: எண்ணியது நோயாளிகளையா, மூட்டுகளையா? இரண்டு காலும் செய்துகொண்டவர் இரண்டு முறை எண்ணப்பட்டிருப்பார்.

படி 4: "தோல்வி" என்று எதைச் சொல்கிறார்கள்?

இந்த இடத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

பெரும்பாலான ஆய்வுகளில் தோல்வி என்றால் ரீவிஷன்: போட்ட இம்ப்ளான்ட்டையோ (செயற்கை மூட்டையோ) அதன் ஒரு பகுதியையோ கழற்றி வேறு போடுவது. ரீவிஷன் நடக்கவில்லை என்றால் அந்த மூட்டு "பிழைத்திருக்கிறது" என்று கணக்கு. பதிவேடுகளுக்கு இது வசதி. ரீவிஷன் என்பது தேதியோடு நடக்கும் ஒரு சம்பவம், எண்ணிவிடலாம். வலிக்குத் தேதி கிடையாது.

ஆனால் ரீவிஷன் என்பது நோயாளியின் கஷ்டம் மட்டும் அல்ல, ஒரு சர்ஜனின் முடிவும்கூட. இதை அப்பட்டமாகக் காட்டியது 2010-ல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த குட்ஃபெல்லோ, ஓ'கானர், மர்ரே மூவரும் எழுதிய கட்டுரை. பின்னணி இது. மூட்டு முழுவதையும் மாற்றுவது ஒரு முறை. தேய்ந்த ஒரு பக்கத்தை மட்டும் மாற்றும் "பார்ஷியல்" இன்னொரு முறை. எல்லாப் பதிவேடுகளிலும் பார்ஷியலுக்கு ரீவிஷன் விகிதம் அதிகம். ஆகவே பார்ஷியல் மோசம் என்று முடிவு கட்டிவிடலாமா?

நியூசிலாந்துப் பதிவேடு ரீவிஷனோடு நிற்காமல், ஆறு மாதத்தில் நோயாளிகளிடமே கேள்வித்தாள் கொடுத்து மதிப்பெண்ணும் வாங்கியிருந்தது. அதில் மிக மோசமான மதிப்பெண், அதாவது 48-க்கு 20-க்கும் கீழே வாங்கியவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். முழு மாற்று செய்துகொண்டு அவ்வளவு அவதிப்பட்டவர்களில் ரீவிஷன் நடந்தது சுமார் 12 சதவீதம் பேருக்கு. பார்ஷியல் செய்துகொண்டு அதே அளவு அவதிப்பட்டவர்களில் சுமார் 63 சதவீதம் பேருக்கு.

அதே வலி, அதே மதிப்பெண். ஆனால் பார்ஷியலைக் கழற்றி முழு மாற்றாக ஆக்குவது சர்ஜனுக்குச் சுலபம், அதனால் சட்டென்று செய்துவிடுகிறார்கள். முழு மாற்றைக் கழற்றுவது பெரிய வேலை, எலும்பு போகும், ஆபத்து அதிகம். "கொஞ்ச நாள் பார்க்கலாம், எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று அனுப்பிவிடுகிறார்கள். என்னிடம் வருவது அப்படி அனுப்பப்பட்டவர்கள். பதிவேட்டில் அவர்கள் மூட்டு இன்னமும் வெற்றிதான்.

இதை எழுதியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு பார்ஷியல் மூட்டை உருவாக்கிய அதே குழு என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு இதில் சொந்த அக்கறை உண்டு. அதே குழு 1998-ல் வெளியிட்ட தங்கள் சொந்த நோயாளிகளின் கணக்கில் அந்த மூட்டு 10 ஆண்டில் 98 சதவீதம் தாங்கியது. தேசியப் பதிவேடுகளில் அதைவிடக் கணிசமாகக் குறைவு. உருவாக்கியவர் கையில் வரும் முடிவும் ஊரில் எல்லாருடைய கையிலும் வரும் முடிவும் ஒன்றாக இருப்பதில்லை. பார்ஷியலை எப்போதாவது செய்பவரைவிட அடிக்கடி செய்பவரிடம் முடிவு நன்றாக வருகிறது என்பதும் பின்னர் தெளிவாகிவிட்டது. கட்டுரை எழுதியவருக்கும் இம்ப்ளான்ட் கம்பெனிக்கும் பண உறவு உண்டா என்று கடைசிப் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கும். அதையும் படியுங்கள். உறவு இருந்தால் ஆய்வு பொய் என்று ஆகிவிடாது; ஆனால் வேறு யாராவது அதே முடிவைச் சொல்லியிருக்கிறார்களா என்று தேடுங்கள்.

படி 5: மதிப்பெண் தாளைத் தேடிப் பிடித்துப் பாருங்கள்

நல்ல ஆய்வுகள் ரீவிஷனோடு நிற்காது, நோயாளியிடமே கேட்கும். எந்தக் கேள்வித்தாள் என்பது முக்கியம். அதை இணையத்தில் தேடி எடுத்துப் படித்துவிடுங்கள், பத்து நிமிஷ வேலை.

1998-ல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு முழங்கால் மதிப்பெண்ணில் 12 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 48. அதிகம் வந்தால் நல்லது. பழைய கட்டுரைகளில் இதையே 12 முதல் 60 வரை தலைகீழாகப் போட்டிருப்பார்கள், அங்கே குறைந்தால்தான் நல்லது. எந்த முறை என்று பார்க்காமல் இரண்டு ஆய்வுகளை ஒப்பிட்டுக் குழம்பியவர்கள் நிறைய. அதே ஆண்டு வந்த கூஸ் கேள்வித்தாள் பெரியது: 42 கேள்விகள், ஐந்து பிரிவுகள், ஒவ்வொன்றும் நூற்றுக்கு. 2012-ல் வந்த "மறந்துபோன மூட்டு" மதிப்பெண் எனக்குப் பிடித்தது. வலிக்கிறதா என்று கேட்காமல், மூட்டு மாற்றியிருக்கிறோம் என்ற நினைப்பு எந்தெந்த நேரத்தில் வருகிறது என்று அது கேட்கும்.

ஆக்ஸ்ஃபோர்டு தாளில் என்னதான் கேட்கிறார்கள்? வலி எவ்வளவு, குளித்துத் துடைத்துக்கொள்ள முடிகிறதா, காரிலும் பஸ்ஸிலும் ஏறி இறங்க முடிகிறதா, எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது, சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலிருந்து எழும்போது வலிக்கிறதா, நொண்டுகிறீர்களா, மண்டியிட்டு எழ முடியுமா, ராத்திரி வலி, வேலைக்கு இடைஞ்சல், முட்டி திடீரென்று மடங்கிக் கைவிடுவது போன்ற உணர்வு, தனியாகக் கடைக்குப் போய் வருவது, மாடிப்படி இறங்குவது. அவ்வளவுதான்.

தரையில் சம்மணமிடுவது இல்லை. குந்தி உட்காரும் கழிப்பறை இல்லை. தரையில் அமர்ந்து காய் நறுக்குவதோ, தொழுகையில் அமர்வதோ இல்லை. மண்டியிடுவது பற்றிய ஒரு கேள்விதான் பக்கத்தில் வருகிறது. 48-க்கு 45 வாங்கியவர் தரையில் உட்கார்ந்தே பார்த்திராதவராக இருக்கலாம். "எக்சலன்ட் ரிசல்ட்" என்று சொல்லப்பட்டுத் தரையில் அமர முடியாமல் மனம் நொந்து போகிறவர்கள் பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. அவர்கள் நினைத்த பரீட்சை வேறு, நடத்தப்பட்ட பரீட்சை வேறு.

சரி, மடங்கும் கோணத்தைப் போட்டிருக்கிறார்களே, அதை வைத்துச் சொல்ல முடியாதா? ஓரளவு முடியும். நாற்காலியிலிருந்து வசதியாக எழ 90 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வேண்டும். குந்துவதற்கும் சம்மணத்துக்கும் 120-க்கு மேலே போக வேண்டும், சம்மணத்துக்கு முட்டி பக்கவாட்டில் திரும்பவும் வேண்டும். ஆனால் இந்த எண்ணை நான் தினமும் அளக்கிறேன் என்பதால் சொல்கிறேன், இதை அப்படியே நம்பாதீர்கள். கோணம் அளக்கும் கோனியோமீட்டரின் ஒரு கையைத் தொடை எலும்பின் போக்கில் வைக்க வேண்டும், இன்னொரு கையைக் கணுக்காலை நோக்கி. தொடை தடிமனாக இருந்தால் எலும்பின் போக்கு கண்ணுக்குத் தெரியாது. நோயாளி தானே மடக்கியதா, நான் பிடித்து அழுத்தி மடக்கியதா என்பதிலேயே வித்தியாசம் வந்துவிடும். ஒரே காலை இரண்டு பேர் அளந்தால் 5 டிகிரி முன்னே பின்னே வருவது சகஜம். ஆகவே "புது மாடலில் 4 டிகிரி அதிகம் மடங்குகிறது" என்று ஓர் ஆய்வு சொன்னால் அதற்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

யார் கேட்டு நிரப்பினார்கள் என்பதையும் கவனியுங்கள். 1989-ல் அமெரிக்காவில் வந்த "நீ சொசைட்டி" (Knee Society) மதிப்பெண் நோயாளியைப் பரிசோதித்து டாக்டர் போடுவது. நம் ஊர் நோயாளிகளைப் பற்றித் தெரியாதா? டாக்டர் முகத்தைப் பார்த்து "பரவால்லைங்க சார், நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அடுத்த அறைக்கு வந்து என்னிடம், "ராத்திரியில ஒரு மணிக்கு முழிச்சிக்கிறேம்மா" என்பார்கள். நோயாளியே தனியாக நிரப்பிய தாள் என்றால் கூடுதல் நம்பிக்கை வைக்கலாம்.

படி 6: எத்தனை பேர் காணாமல் போனார்கள்?

இதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு சர்ஜன் 200 மூட்டுகள் மாற்றினார். பத்து வருஷம் கழித்துப் பார்க்கிறார். 6 மூட்டுக்கு ரீவிஷன் ஆகியிருக்கிறது. 20 மூட்டுக்கு உரியவர்கள் வேறு காரணங்களால் இறந்துவிட்டார்கள். 60 மூட்டுக்கு உரியவர்களைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை. மீதி 114 நன்றாக இருக்கிறது.

200-இல் 6 தோல்வி, அதாவது 97 சதவீத வெற்றி என்று எழுதிவிடலாம். ஆனால் அந்த 60 பேர் எங்கே? எல்லாரும் சௌக்கியமாக இருப்பதால் வரவில்லை என்றால் 97 சரி. எல்லாரும் வெறுத்துப்போய் வேறு டாக்டரிடம் போய்விட்டார்கள் என்றால் 67 சதவீதம். உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. பரீட்சைக்கு வராத பையன்களையும் பாஸ் கணக்கில் சேர்த்துக்கொண்ட பள்ளிக்கூடம் மாதிரி ஆகிவிடக்கூடாது.

ஒழுங்கான ஆய்வு, தொடர்பு விட்டுப்போனவர்கள் எத்தனை பேர் என்று வெளிப்படையாகச் சொல்லும். அவர்கள் அத்தனை பேரும் தோற்றதாக வைத்துக்கொண்ட கணக்கையும் சில ஆய்வுகள் போட்டுக் காட்டும். அப்படிக் காட்டுபவரை நான் உடனே நம்புவேன்.

படிக்கட்டு மாதிரி இறங்கும் கோடு ஒன்று கட்டுரையில் இருக்கும், கேப்லன்-மையர் கோடு என்பார்கள். அதற்குக் கீழே ஒவ்வொரு ஆண்டிலும் எத்தனை மூட்டுகள் மிச்சம் என்று எண்கள் இருக்க வேண்டும். கோடு 15 ஆண்டு வரை அழகாக நீண்டு போகும். கீழே பார்த்தால் கடைசியில் 9 மூட்டுதான் மிச்சமிருக்கும். அந்த ஒன்பதில் ஒன்று பழுதானால் கோடு ஒரே அடியில் 11 சதவீதம் சரியும். கோட்டின் வால் பகுதியை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். எண்களே போடவில்லை என்றால் அந்தப் படத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

படி 7: ஆயுள் எண்ணை வயதோடு சேர்த்துப் படியுங்கள்

2019-ல் லான்செட் இதழில் பிரிஸ்டல் குழு ஒன்று வெளியிட்ட தொகுப்பைத்தான் இப்போது எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆஸ்திரேலியா, ஃபின்லாந்துப் பதிவேடுகளிலிருந்து ஏறத்தாழ 3 லட்சம் முழு மாற்றுகள். முடிவு: முழு மாற்றில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டு தாங்கும், பார்ஷியலில் சுமார் 70 சதவீதம்.

உருப்படியான எண்தான். ஆனால் 25 ஆண்டுக் கணக்கு என்றால் அந்த மூட்டுகள் போடப்பட்டது 1990-களின் முன்பகுதியில். அன்றைய பிளாஸ்டிக், அன்றைய முறை. இன்றைய மூட்டு இதைவிட நன்றாகத் தாங்கலாம். ஆனால் அதை நிரூபிக்க இன்னும் காலம் ஆக வேண்டும்.

அதைவிட முக்கியம், இது எல்லா வயதுக்கும் சேர்த்த எண். 2017-ல் அதே லான்செட்டில் வந்த இன்னோர் ஆய்வு வயது வாரியாகப் பிரித்தது. 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொண்டவர்களுக்கு வாழ்நாளில் ரீவிஷன் வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குப் பக்கம். ஐம்பதுகளின் தொடக்கத்தில் மாற்றிக்கொண்ட ஆண்களுக்கு அது 35 சதவீதம் வரை போகிறது. அதே வயதுப் பெண்களுக்கு சுமார் 20. இன்னொரு தகவலும் அதில் இருந்தது: 60-க்குக் கீழே மாற்றி, பிறகு ரீவிஷன் தேவைப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு 4.4 ஆண்டுக்குள்ளேயே தேவைப்பட்டது. தேய்ந்து போகும் வரை கூட அவர்கள் காத்திருக்கவில்லை. 53 வயது அப்பாவுக்கும் 74 வயது பாட்டிக்கும் ஒரே சதவீதத்தைச் சொல்கிற டாக்டரிடம், வயதுக்குத் தகுந்த எண்ணைக் கேளுங்கள்.

படி 8: வித்தியாசம் நோயாளிக்குத் தெரியுமா?

"புள்ளியியல்படி முக்கியமான வித்தியாசம்" என்ற சொற்றொடரைக் கண்டால், "யாருக்கு முக்கியம்?" என்று கேளுங்கள். ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துவிட்டால் அரைப் புள்ளி வித்தியாசமும் புள்ளியியல்படி முக்கியமாகிவிடும். ஆக்ஸ்ஃபோர்டு மதிப்பெண்ணில் இரண்டு குழுக்களுக்கு நடுவே சுமார் 5 புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் நோயாளிக்குத் தெரிகிற மாற்றம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

பிரிட்டனில் 27 மையங்களில் 528 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, முழு மாற்றையும் பார்ஷியலையும் 5 ஆண்டு ஒப்பிட்ட டாப்கேட் ஆய்வின் முடிவும் 2019-ல்தான் வந்தது. மதிப்பெண் வித்தியாசம் சுமார் 1 புள்ளி. அதாவது நோயாளியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. செலவுக் கணக்கில் பார்ஷியல் முந்தியது. 4-ஆம் படியில் பதிவேட்டு எண்ணை மட்டும் பார்த்திருந்தால் பார்ஷியலை ஒதுக்கியிருப்போம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ரோபோ உதவியோடு ஆபரேஷன் என்ற விளம்பரங்களுக்கும் இதே அளவுகோல்தான். ரோபோவால் எக்ஸ்ரேயில் தெரியும் மூட்டின் கோணம் துல்லியமாக அமைகிறது என்பது உண்மை. அந்தத் துல்லியம் நோயாளிக்கு வந்து சேர்கிறதா? தென்கொரியாவில் குலுக்கல் முறையில் நடந்து, குறைந்தது 10 ஆண்டு தொடர்ந்த ஓர் ஆய்வு 2020-ல் வெளியானது. மதிப்பெண்ணிலும் வித்தியாசம் இல்லை, மூட்டின் ஆயுளிலும் இல்லை. அது பழைய தலைமுறை ரோபோ, இப்போதைய கருவிகள் வேறு என்பதும் நியாயமான வாதம்தான். அப்படியானால் இப்போதைய கருவியில் நோயாளி மதிப்பெண் எத்தனை புள்ளி கூடியது என்று கேளுங்கள். கோணத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் பதில் இல்லை என்று அர்த்தம்.

அதிகம் மடங்கும் என்று விற்கப்படும் "ஹை ஃப்ளெக்ஸ்" மூட்டும் இதே கதை. வழக்கமான மூட்டைவிட அது சொல்லும்படியாக அதிகம் மடங்குவதாக ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டவில்லை. 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் இம்ப்ளான்ட்களுக்கு உச்சவரம்பு விலை வைத்தபோது, சாதாரண கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு ஜிஎஸ்டி நீங்கலாக ₹54,720, ஹை ஃப்ளெக்ஸுக்கு ₹56,490 என்று வைத்தது. இரண்டுக்கும் நடுவே இரண்டாயிரம் ரூபாய்கூட இல்லை. அதற்குப் பிறகு விலைகள் திருத்தப்பட்டிருக்கின்றன; பில்லில் இம்ப்ளான்ட் விலையைத் தனியாகக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

படி 9: எதோடு ஒப்பிட்டார்கள்?

ஆபரேஷனுக்கு முன் 18 மதிப்பெண், பின் 38, பிரமாதம். ஆனால் ஆபரேஷன் இல்லாமல் வேறு நல்ல சிகிச்சை கொடுத்திருந்தால் எவ்வளவு வந்திருக்கும்? முன்-பின் ஒப்பீடு இதற்குப் பதில் சொல்லாது.

டென்மார்க்கில் இதைச் சோதித்தார்கள். 2015-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஆபரேஷனுக்குத் தகுதியான 100 பேர். பாதிப் பேருக்கு மூட்டு மாற்றும் 12 வார உடற்பயிற்சித் திட்டமும். மீதிப் பேருக்கு அந்தத் திட்டம் மட்டும்: பயிற்சி, எடைக் குறைப்பு ஆலோசனை, செருப்புக்குள் வைக்கும் தாங்கி, தேவைக்கு வலி மாத்திரை. ஓராண்டில் கூஸ் மதிப்பெண் ஆபரேஷன் குழுவுக்கு 32.5 புள்ளி கூடியது, மற்றவர்களுக்கு 16.

ஆபரேஷன் தெளிவாக ஜெயித்தது. சந்தேகமே வேண்டாம். ஆனால் ஆபரேஷன் இல்லாதவர்களுக்கும் பாதி முன்னேற்றம் கிடைத்தது, அவர்களில் கால்வாசிப் பேர்தான் ஓராண்டுக்குள் ஆபரேஷனுக்குப் போனார்கள். ஆபரேஷன் குழுவில் கடுமையான பக்க விளைவுகள் 24, மறு குழுவில் 6. இந்த நான்கு எண்களையும் சேர்த்து வைத்துத்தான் ஒரு குடும்பம் முடிவெடுக்க வேண்டும். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறவர், ஆபரேஷன் வேண்டாம் என்கிற என் தொழில்காரராக இருந்தாலும் சரி, உடனே பண்ணு என்கிற சர்ஜனாக இருந்தாலும் சரி, எதையோ விற்கிறார்.

என் தொழிலுக்கும் இந்த அளவுகோல் உண்டு. ஆபரேஷனுக்குப் பின் மருத்துவமனையிலேயே தங்கிப் பத்து நாள் பயிற்சி எடுப்பதையும், வீட்டிலிருந்தே பயிற்சி செய்வதையும் ஆஸ்திரேலியாவில் 165 பேரிடம் ஒப்பிட்டார்கள். 2017-ல் வந்த முடிவு: ஆறு மாதத்தில் இரு குழுவும் நடந்த தூரத்தில் வித்தியாசம் இல்லை. சிக்கல் இல்லாத நோயாளி பயிற்சிக்காகவே அதிக நாள் தங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 10: ஐந்தில் ஒருவருக்கு ஏன் திருப்தியில்லை?

கடைசியில் பந்தியில் பேசப்பட்ட பெரியம்மாவிடம் வருவோம். 2012-ல் வந்த ஒரு தொகுப்பு, முழங்கால் மாற்றிக்கொண்டவர்களில் சுமார் 20 சதவீதம் பேருக்கு நீண்ட நாள் வலி மிச்சமிருப்பதாகக் கணக்கிட்டது. 2010-ல் கனடாவின் ஒன்டாரியோவில் 1,703 ஆபரேஷன்களைப் பார்த்த ஆய்விலும் 19 சதவீதம் பேர் திருப்தியில்லை என்றார்கள். ஆகவே பெரியம்மா ஒன்றும் அபூர்வப் பிறவி இல்லை.

அந்தக் கனடா ஆய்வு, அதிருப்திக்கு எது காரணம் என்றும் தேடியது. எல்லாவற்றையும் விடப் பெரிய காரணமாக வந்தது நிறைவேறாத எதிர்பார்ப்பு. எதிர்பார்த்தது கிடைக்காதவர்கள் அதிருப்தி அடையும் வாய்ப்பு பத்து மடங்குக்கு மேல். அதனால்தான் முதல் படியில் தாளில் எழுதச் சொன்னேன். அந்தத் தாளை சர்ஜனிடம் காட்டி, ஒவ்வொரு வரிக்கும் நேராகப் பதில் கேளுங்கள்: "டாக்டர், உங்க பேஷன்ட்ஸ்ல இவங்க வயசுக்காரங்க எத்தனை பேர் தரையில உட்கார்றாங்க? ஒரு வருஷம் கழிச்சும் வலின்னு வர்றவங்க எத்தனை பேர்? அவங்களுக்கு என்ன செய்யறீங்க? வருஷத்துக்கு எத்தனை மூட்டு மாத்தறீங்க, அதில ரீவிஷன் எத்தனை?" கணக்கு வைத்திருக்கும் சர்ஜன் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார், உட்கார வைத்துச் சொல்வார்.

ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டால், போவதற்கு முந்தின வாரம் வீட்டிலேயே அந்தப் 12 கேள்விகளையும் நோயாளியையே நிரப்ப வைத்துத் தேதி போட்டு ஃபைலில் வைத்துவிடுங்கள். கூடவே சம்மணம், குந்துதல், கோயில் சுற்று என்று நம் சொந்தக் கேள்விகள் நாலைந்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆறாம் மாதமும் ஓராண்டிலும் மறுபடி நிரப்புங்கள். பழைய வலி எவ்வளவு இருந்தது என்பதை மனசு மாற்றிச் சொல்லும், தாள் மாற்றாது. ரீவிஷனுக்கு வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் பழைய டாக்டருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அவருடைய அடுத்த ஆய்வில் உங்கள் மூட்டு சரியான பக்கம் எண்ணப்படும்.